ஐந்து அரைக்கைச் சட்டைகள்

என் அருமைக் குருவிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் சுகம். தையல் மெஷின் போன வாரம் மக்கர் பண்ணியது, இப்போது அதுவும் சுகம். உன் சுகத்தை மட்டும் நீ சொல்லி நான் நம்புவதாக இல்லை. ஏன் என்று கீழே வரும். ஃபோனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நீ நடுவில் நடுவில் "சரிம்மா, சரிம்மா" என்பாய், எனக்குக் கோபம் வரும், கத்துவேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். அதனால்தான் பார்சலுக்குள் கடிதம் வைக்கிறேன். முதலில் இதைப் படித்து முடி, அப்புறம் துணியைப் பிரி. உன் அவசரம் எனக்குத் தெரியும், இந்நேரம் பிரித்திருப்பாய்.

உன் நீலக் கோடு போட்ட சட்டை செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், கடையில் கால் வைக்க இடமில்லாமல் சீருடைத் துணி கிடக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரே வருஷத்தில் அரை அடி வளர்ந்துவிட்டு வந்து நிற்கிறது. அந்த அமளியில்தான் உன் பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே உன் சீட்டு. பிரஸ்ஸில் மெஷினில் மாட்டி இடது கை கிழிந்துவிட்டது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அதே துணியில் முழுக்கை வைத்து அனுப்பு, திங்கட்கிழமை பிரஸ்ஸின் புதுக் கிளையில் முதல் நாள், இதைத்தான் போடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய்.

சட்டையைக் கையில் எடுத்ததுமே கிழிசலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முப்பது வருஷமாகத் துணி வெட்டுகிறவள் நான். மெஷினில் மாட்டிய துணி கண்டபடி கிழியும். இழை இழுபட்டு, ஓரம் பிசிர் பிசிராக நிற்கும், எண்ணெய் ஒரு பொட்டாவது ஒட்டும். உன் சட்டையில் எண்ணெயே இல்லை. கைப்பட்டியில் ஆரம்பித்து முழங்கை தாண்டி ஒரே நேராகப் போகிறது வெட்டு. ஒரு விரல் நீளத்துக்கு ஒருமுறை ஓரத்தில் சின்னப் படி விழுந்திருக்கிறது, அப்படியென்றால் வாய் சிறுத்த கத்தரியால் விட்டு விட்டு வெட்டியது. அவசரமாக வெட்டியிருக்கிறார்கள், ஆனால் கை நடுங்காதவர்கள். பித்தான் இரண்டும் போட்டது போட்டபடி இருக்கிறது. உள்பக்கம் மஞ்சளும் பழுப்புமாக மருந்துக் கறை. எந்த ஊர் மெஷின் அம்மா அது, பித்தானைத் தொடாமல் கத்தரி வைத்து வெட்டி, மருந்தும் தடவி அனுப்புகிறது? என்னிடமா கதை விடுகிறாய்?

உடனே உன் அறைத்தோழிக்குப் போன் போட்டேன். அவளைத் திட்டாதே, பாவம், முதலில் நன்றாகத்தான் மழுப்பினாள். எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு பிட்டைப் போட்டேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

பிரஸ் கிடங்கில் மேல் தட்டிலிருந்து காகிதக் கட்டு சரிந்து உன் தலையில் விழுந்ததையும், தட்டின் தகரம் காலைக் கிழித்ததையும், நீ நினைவில்லாமல் கிடந்ததையும், கூட வேலை செய்கிறவர்கள் உன்னைத் தெருமுனை கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதையும் சொன்னாள். அங்கே கழுத்தில் நாடி பார்த்திருக்கிறார்கள். காயம் சீழ் பிடிக்கக் கூடாது என்று இடுப்பில் ஊசி போட்டிருக்கிறார்கள். எந்த ஊசி உனக்கு ஆகாதோ அதே பென்சிலின் ஊசி. கேட்கலாமென்றால் உனக்கு நினைவில்லை, கூட வந்தவர்களுக்கு விவரம் தெரியாது. அதைத் தெரியப்படுத்த, பென்சிலின் ஆகாது என்று பொறித்த தகடு உன் இடது மணிக்கட்டுச் சங்கிலியில் பத்திரமாக இருந்தது. அதற்கு மேலே நான்கு விரல் அகலத்தில் நான் தைத்த கைப்பட்டி, இரண்டு பித்தான் போட்டு.

உன் உதடு வீங்கி, மூச்சு இழுத்தபோதுதான் டிரிப்ஸ் ஏற்ற நரம்பு தேடினார்களாம். கையும் வீங்கிப் பட்டி இறுகிவிட்டது. பித்தான் அவிழவில்லை. எப்படி அவிழும்? இரட்டை நூல் கொடுத்து, பித்தான் நுழைகிற காதைச் சின்னதாகத் தைப்பது என் வழக்கம். கழன்றே விடாது என்று நான் பெருமை பேசுகிற பித்தான் அது. ஒரு மூத்த நர்ஸ் கத்தரியை எடுத்து வெட்டியிருக்கிறார். தகடு வெளியே வந்ததும் படித்துவிட்டு, "அட கடவுளே, இது இங்கயே இருந்திருக்கே" என்றாராம். அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்ததாம், மாற்று ஊசி போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, இரண்டு நாள் வைத்திருந்து. அந்த நர்ஸ் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் எனக்கு.

அந்த இரண்டு நாளும் நீ போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்ததும் உன்னை நான் வாங்கு வாங்கு என்று வாங்கினேன், நினைவிருக்கிறதா? பெரிய மனுஷியாகிவிட்டாயா, அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்ல நேரமில்லையா என்றெல்லாம் கேட்டேன். வேலை ஜாஸ்தி, சாரிம்மா என்றாய். குரல் கரகரவென்று இருந்தது. ஜலதோஷம் என்று நினைத்து வெந்நீர் குடிக்கச் சொன்னேன். அதை நினைத்தால் என்னையே நான் அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

இன்னொன்றும் கேள். அந்த நர்ஸ் தகட்டில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டுப் பார்த்திருக்கிறார். அது நம் பழைய கடை எண். அந்த இணைப்பை எடுத்து ஆறு வருஷம் ஆகிறது. மாற்ற வேண்டும் என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கண்ணில் படாமல் மூடி வைத்ததை யார் சரிபார்ப்பார்கள்?

இப்போது நான் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அந்தத் தகட்டைக் கழற்றிப் பேனா டப்பாவில் போட்டுவிட்டாயாம். உன் தோழி கேட்டதற்கு, "போட்டிருந்தும் யாருக்கும் தெரியல, அப்புறம் எதுக்கு அது" என்றாயாம். குருவி, திங்கட்கிழமை நீ போகிற இடத்தில் உன்னை ஒருவருக்கும் தெரியாது. ஒரு தலைசுற்றல் வந்து விழுந்தால் உனக்காகப் பேச அங்கே நானும் இல்லை, இந்தத் தோழியும் இல்லை. அந்தத் தகடு ஒன்றுதான். அதன்மேல் என்ன தப்பு? அது கண்ணில் பட்ட நிமிஷமே தன் வேலையைச் செய்தது. மறைத்தவள் நான்.

நீ உடனே இல்லை என்பாய், நான்தானே கேட்டேன் என்பாய். ஆமாம், ஏழாம் வகுப்பில் நீதான் கேட்டாய். வகுப்பில் எல்லாரும் "நம்பர் பிளேட்டு, நம்பர் பிளேட்டு" என்று கூப்பிடுகிறார்கள் என்று அழுதுகொண்டு வந்தாய். ஆறு வயதில் தொண்டை வலிக்குப் போட்ட ஊசியில் நீ ஊதிப்போய், பிழைத்துவந்த பிறகு டாக்டர் சொல்லிப் போட்ட தகடு அது. உன் அப்பா, கடிகாரம் பழுதுபார்க்கிற கையால், ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சங்கிலியில் ஒரு கண்ணி சேர்த்து உன் கைக்குச் சரிசெய்வார். அதைக் கழற்றி எறிந்துவிடுவாயோ என்ற பயத்தில்தான் அந்தப் பட்டி வைத்த முழுக்கையைத் தைத்துக் கொடுத்தேன். அது வரைக்கும் நான் செய்தது தப்பில்லை. அழுகிற பிள்ளைக்கு வேறென்ன செய்வது?

தப்பு அப்புறம் நடந்தது. கல்லூரியில் சேர்ந்த வருஷம், உனக்கு நினைவிருக்கும், நீ கடைக்கு வந்து வெட்டுமேசைமேல் உட்கார்ந்துகொண்டு சொன்னாய். இனிமேல் அரைக்கையாகத் தைத்துவிடு, புழுக்கம் தாங்கவில்லை, யார் கேட்டாலும் சொல்லிக்கொள்கிறேன், எனக்கு ஒன்றும் வெட்கம் இல்லை என்றாய். உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நான் என்ன சொன்னேன்? "உனக்குக் குச்சிக் கைடீ. அரைக்கை போட்டா கொடியில காயப்போட்ட மாதிரி தொங்கும். பொருந்தாது."  நீ மேசையைவிட்டு இறங்கிப் போய்விட்டாய். தொழில் தெரிந்தவள் சொன்னால் யார்தான் மறுத்துப் பேசுவார்கள்?

அது பொய். கலப்படம் இல்லாத பச்சைப் பொய். அதற்கு முந்தின நாள் வாடிக்கைக்காரி ஒருத்தி, அவளுக்கு உன்னைவிட நாலு வயது மூத்த மகன் இருந்தான், நீ கை கழுவும்போது தகட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாக, "பொண்ணுக்கு ஏதாச்சும் வியாதியா?" என்று கேட்டாள். ஒரு ஊசி ஆகாது, அவ்வளவுதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சும்மா ஃபேஷனுக்குப் போட்டிருக்கிறாள் என்று சொன்னேன். உனக்கு இல்லாத வெட்கம் எனக்கு இருந்தது, குருவி. ஊர் வாய்க்குப் பயந்தேன். நாளைக்கு உனக்கு ஒரு இடம் பார்க்கும்போது இந்தப் பேச்சு குறுக்கே வருமோ என்று கணக்குப் போட்டேன். அதை உன்னிடம் சொல்ல முடியாமல் உன் கையின்மேல் பழியைப் போட்டேன்.

உன் அப்பா அப்போதே சொன்னார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமல், "கைக்கடிகாரத்தை யாராவது மூடி வெச்சுக் கட்டுவாங்களா?" என்றார். நீங்கள் உங்கள் கடிகாரங்களைப் பாருங்கள், துணி விஷயம் எனக்குத் தெரியும் என்று வாயை அடைத்தேன். செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் அவரிடம் சொன்னபோது கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டு ஆறியிருப்பேன்.  மனுஷன் கையிலிருந்த கடிகாரத்தை ஓரமாக வைத்துவிட்டுப் புதுத் தகடு வெட்ட உட்கார்ந்துவிட்டார்.

இவ்வளவையும் உன்னிடம் சொல்லாமலே இருந்திருப்பேனோ என்னவோ. உன் தோழி போனை வைக்கிற சமயத்தில் தெரியாமல் ஒன்று சொன்னாள். உன் பிறந்தநாளுக்கு அவள் ஆசையாக ஒரு அரைக்கைச் சட்டை வாங்கிக் கொடுத்தாளாம். நீ அதை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "என் கைக்கு இதெல்லாம் பொருந்தாது. எங்கம்மா டெய்லர், அவங்களே சொல்லியிருக்காங்க" என்றாயாம். படுக்கும்போதுகூட முழுக்கைதானாம். எட்டு வருஷம். நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு அடுத்த துணிக்குப் போய்விட்டேன், நீ அதை எட்டு வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறாய். அதைக் கேட்டுக் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்து அழுதேன். மூன்று சீருடைகளுக்கு நாள் தள்ளிப்போய் ஒரு பிள்ளையின் தாய் சண்டைக்கு வந்துவிட்டாள், அது வேறு கதை.

அழுது முடித்து அளவு நோட்டை எடுத்துப் பார்த்தேன். உன் பக்கம் எல்லா வருஷத்துக்கும் இருக்கிறது. தோளிலிருந்து முழங்கை, மேல்கைச் சுற்று, மணிக்கட்டு. கல்லூரி வருஷத்து அளவையும் பார்த்தேன், போன விடுமுறையில் எடுத்ததையும் பார்த்தேன். எந்த அளவிலும் ஒரு குறையும் இல்லை. பொய் சொன்னது நான்தான், நோட்டு சொல்லவில்லை.

அதனால் நீ கேட்டபடி செய்யவில்லை. நீலக் கோட்டுச் சட்டைக்கு இரண்டு பக்கமும் அரைக்கை வைத்திருக்கிறேன். போன தடவை நீ இங்கே விட்டுப்போன நாலு சட்டையையும் அப்படியே வெட்டிவிட்டேன். மொத்தம் ஐந்து. வெட்டிய கைகளைத் திரும்ப ஒட்டித் தரச் சொல்லாதே, கடிகாரம் துடைக்க உன் அப்பா எடுத்துக்கொண்டு போய்விட்டார். சின்ன டப்பாவில் அவர் வெட்டிய தகடு இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறார், கண்ணாடி போட்டவர்களும் படிக்கலாம். நம் இரண்டு பேரின் இப்போதைய எண்ணும் இருக்கிறது. போன் போட்டுச் சரிபார்த்துவிட்டுத்தான் பொறித்தார், ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் போன் போட்டார். கொக்கி கெட்டியானது, ஆனால் பழக்கமில்லாதவர்களும் அவிழ்க்கலாம்.

காலில் தையல் போட்ட இடம் ஆறியதா என்று எழுது. உள்ளதை எழுது. நீ என்னிடம் மறைத்ததற்கு உன்மேல் கோபம் இருந்தது, இந்தக் கடிதம் எழுதும்போதே போய்விட்டது. எனக்கு அந்த அருகதை ஏது? நீ என்மேல் கோபப்பட்டுக்கொள், எத்தனை நாள் வேண்டுமானாலும். பேசாமல்கூட இரு. திட்டித் தீர்த்து எழுது, பொறுத்துக்கொள்கிறேன். தகட்டை மட்டும் போட்டுக்கொண்டு கோபப்படு.

திங்கட்கிழமை காலையில் கைவீசி நடந்து போ. யாராவது இது என்ன என்று கேட்டால், எனக்கு ஒரு ஊசி ஆகாது என்று சொல். ஒரு வரி, அவ்வளவுதான். அன்றைக்கு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. நீ சொல்லிவிடுவாய். நீ நல்லபடியாக இருக்க வேண்டும், நெடுநாள் இருக்க வேண்டும், எங்கே விழுந்தாலும் தூக்குகிறவர்கள் கண்ணில் முதலில் அது பட வேண்டும். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருமுறை கண்ணாடி முன்னால் நின்று பார், கண்ணே. உன் கை நல்ல கை. அரைக்கை உனக்குப் பொருந்தும். தொழில் தெரிந்தவள் சொல்கிறேன், இந்தத் தடவை நம்பு.

உன் அம்மா