வீட்டை எனக்கு விற்றவருக்கு

வணக்கம் சார்.

வீட்டு வரி ரசீதைத் தேடி இன்று காலை பீரோவைத் திறந்தேன். நீங்கள் பத்திரங்களைப் போட்டுக் கொடுத்த துணிப்பையிலிருந்து அந்துருண்டை வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. உருண்டை கரைந்து பட்டாணி அளவுக்கு வந்துவிட்டது, வாசனை மட்டும் குறையவில்லை. அதோடு நீங்களும் வந்துவிட்டீர்கள். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, விற்ற வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்ற அந்தத் தயக்கம்.

என்னைப் பற்றி உங்களுக்கு நன்றாகத் தெரியும். திண்டிவனத்தில் வக்கீல் ஆபீசில் இருபத்திரண்டு வருடமாக டைப் அடிக்கிறவள். அண்ணன் தம்பி வழக்கு, போலிப் பத்திரம், ஒரே மனையை மூன்று பேருக்கு விற்றவன் கதை என்று நாள் முழுவதும் அடித்து அடித்து, பால்காரர் சிரித்தால்கூட ஏன் சிரிக்கிறார் என்று யோசிக்கிற புத்தி வந்துவிட்டது. அப்படிப்பட்டவள் ஆயுள் சேமிப்பை மொத்தமாகப் போட்டு வீடு வாங்கக் கிளம்பினால் கேட்க வேண்டுமா? கொடி நட்டு, வேனில் ஏற்றிப் போய்க் காட்டுகிற புது மனை எதுவும் எனக்கு ஒப்பவில்லை. அவற்றில் பாதிக்கு மேல், போன மழையில் ஏரியாக இருந்தவை. ஆள் குடியிருந்து பழகிய இடம், பாண்டிச்சேரிக்குப் பக்கம் என்று தேடித்தான் கோட்டக்குப்பத்துக்கு மேற்கே உங்கள் நகருக்கு வந்து சேர்ந்தோம்.

முதல் சந்தேகம் நீங்கள் சொன்ன விலையில் வந்தது. அதைவிடக் கூடுதலாகத் தரச் சென்னைக்காரர்கள் தயாராக இருந்தார்கள். வெள்ளைக்காரத் தெருக்களைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவார்களாம். நீங்கள் மறுத்துவிட்டீர்கள் என்று தரகர் தலையில் அடித்துக்கொண்டார். ஏன் என்று உங்களிடமே கேட்டேன்.

"சனி ஞாயிறு வருவாங்க, மத்த நாள்ல பூட்டிக்கினு போயிடுவாங்க. எனக்கு வீட்ல எப்பவும் ஆள் இருக்கணும்மா" என்றீர்கள்.

விற்றுவிட்டுப் போகிறவருக்கு வீட்டில் ஆள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? எனக்குத் தூக்கம் கெட்டது. முப்பது வருட வில்லங்கச் சான்று இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். ஒரு நாள் உங்களுக்குத் தெரியாமல் வந்து, பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்டுக் குடித்தேன். உப்புக் கரிக்கிறதா என்று பார்த்த கையோடு, இவர்மேல் ஏதாவது வழக்கு உண்டா என்றும் கேட்டேன். "தங்கமான மனுஷன், கரண்டு ஆபீஸ்ல போர்மேனா இருந்தவரு, சர்ச்சுல ஒரு பூசை தவற மாட்டாரு" என்றார் அந்த வீட்டு அம்மா. எல்லோரும் நல்லவர் என்று சொல்கிற ஆள்தான் வக்கீல் ஆபீசில் அதிகம் மாட்டுவார். ஆனாலும் காகிதத்தில் ஒரு ஓட்டைகூட அகப்படவில்லை. மனைவிக்கு விழுப்புரத்தில் வைத்தியம், மகளும் அங்கேதான் இருக்கிறாள், "ஒரே பொண்ணும்மா" என்றீர்கள். வாங்கிவிட்டேன்.

விலை பேசிக்கொண்டிருந்த நாட்களிலேயே திண்டிவனத்தில் எங்கள் வாடகை வீட்டின் கீழ்ப்போர்ஷன் அம்மா மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார். பெரிய மனிதர் ஒருவர் வந்து எங்கள் குடும்பத்தைப் பற்றி விசாரித்தாராம். "பையன் வீட்டுக்காரங்க மாதிரி இருந்தாரு. உன் பொண்ணுக்கு நேரம் வந்திடுச்சு" என்றார். நானும் என் கணவரும் அடுத்த ஞாயிறு முழுவதும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கேசரிகூடக் கிண்டினேன். யாரும் வரவில்லை. கீழ்ப்போர்ஷன் அம்மாதான் ஏதோ சொல்லிக் கலைத்துவிட்டார் என்று வீடு மாறும் வரை அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

குடிவந்த பிறகும் நீங்கள் விடவில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை வந்து நிற்பீர்கள். "தபால் ஏதாச்சும் வந்துச்சாம்மா? யாராச்சும் தேடிக்கினு வந்தாங்களா?" எல்லா மாதமும் அதே இரண்டு கேள்வி. மோர் கொடுத்தால் பாதி குடித்துவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். என் மூளை ஓட ஆரம்பித்தது. யாரிடமோ முன்பணம் வாங்கியிருக்கிறார், அவன் வருவானா என்று பார்க்கிறார். இல்லையென்றால் எங்கோ ஜாமீன் போட்டு மாட்டியிருக்கிறார். இப்படித்தான் சார் உங்களை நினைத்தேன்.

நான்காவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவன் வந்தான். நாற்பது வயதுக்குள் இருக்கும், தோளில் ரெக்சின் பை. கேட்டுக்கு வெளியே நின்று உங்கள் பெயரைச் சொன்னான். நான் தாழ்ப்பாளில் கை வைத்தபடியே ஆரம்பித்தேன். யாருப்பா நீ? எங்கேருந்து வர்ற? அவர் உனக்கு என்ன வேணும்?

"தெரிஞ்சவங்க" என்றான். திருப்பூரில் பேக்கரியில் வேலை என்றான். அவன் கண் என்னைத் தாண்டி உள்ளே போனது. "கொய்யா மரத்த வெட்டிட்டீங்களா?" என்றான்.

வீட்டை ஏற்கெனவே தெரிந்தவன். "அவங்க வித்துட்டுப் போயிட்டாங்க" என்றேன்.

"எங்கன்னு..."

"தெரியாது."

உங்கள் விழுப்புரம் முகவரி பத்திரத்தில் இருக்கிறது. நானே டைப் அடித்தது.

"அந்தம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டான். பேச்சு வளர்க்கிறான் என்று நினைத்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அந்தச் சனிக்கிழமை நீங்கள் வந்து கேட்டபோது, "யாரும் வரலயே சார்" என்றேன்.

அடுத்த மாதம் நீங்கள் வருவதற்குள் பக்கத்து வீட்டு அம்மா பேச்சுவாக்கில் உங்களுக்கு ஒரு மகன் உண்டு, வீட்டை விட்டுப் போனவன் என்று சொல்லிவிட்டார். கேட்டில் வந்து நின்றவன் யாரென்று அப்போது புரிந்தது. நீங்கள் நாற்காலியில் உட்காரும் முன்பே கத்தினேன். "ஒரே பொண்ணுன்னு சொன்னீங்களே சார்! வாரிச மறைச்சு வித்திருக்கீங்க. இது மோசடியில்லையா?"

நீங்கள் நின்றபடியே சொன்னீர்கள். "என் சம்பாத்தியத்துல கட்டினதும்மா. சட்டப்படி அவன் கையெழுத்து வேணாம். உங்களுக்கே தெரியும். ஆனா சொல்லியிருந்தா நீங்க வாங்கியிருக்க மாட்டீங்க." பிறகு மற்றதையும் சொன்னீர்கள். மனைவியின் சங்கிலி காணாமல் போனது, அவன்தான் எடுத்தான் என்று தெருவில் நிற்க வைத்து அடித்தது, அவன் அன்றைக்கே போனது. "எட்டு மாசம் கழிச்சு அரிசி டின்னுக்கு அடியில கெடச்சுதும்மா. அவனுக்கு இந்த வீட்ட விட்டா வேற அட்ரசு தெரியாது."

திண்டிவனத்துக்கு விசாரிக்க வந்ததும் நீங்கள்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. லேசாகச் சிரித்தீர்கள். "கீழ்வீட்டம்மா இன்னா சொன்னாங்க தெரியுமா? அந்தம்மா வாசல்ல நிக்கிற ஆள பத்து கேள்வி கேக்காம அனுப்பாதுன்னாங்க. அவன் வந்தா யாரு எவருன்னு விசாரிச்சு வெப்பாங்க, வீட்ட இவங்களுக்குத்தான் குடுக்கணும்னு அன்னிக்கே முடிவு பண்ணிக்கினேன்."

அந்த நிமிடம் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்று உங்களிடமாவது உண்மையைச் சொல்கிறேன். முதலில் பயம்தான். சட்டம் என்ன சொன்னாலும் ஒரு மகன் வந்து வழக்குப் போட்டால் பத்து வருடம் கோர்ட்டில் அலைய வேண்டும், எத்தனை பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன். பயம் அடங்கியபோது வெட்கம் வந்துவிட்டது. உங்கள் முகத்தைப் பார்த்து, வந்தான், விரட்டினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அடுத்த மாதம் நீங்கள் வரும்போது சொல்லலாம் என்று இருந்தேன். அந்தச் சனிக்கிழமை உங்கள் மகள் போன் செய்தார். காலையில் முகம் கழுவப் போன இடத்தில் விழுந்தீர்களாம், அதோடு முடிந்துவிட்டதாம்.

முப்பதாம் நாள் பூசைக்கு விழுப்புரம் போனேன் சார். மாதா கோயில் வாசலில் உங்கள் மகள் கையைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டித் தீர்த்தார். உங்கள் மனைவி திட்டவில்லை. அருகே வந்து, "எளச்சிருந்தானா? கால்ல செருப்பு போட்டிருந்தானா?" என்று கேட்டார். இரண்டுக்கும் எனக்குப் பதில் தெரிந்திருந்தது. மூன்று தடவை சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டார். உங்கள் மருமகன் திருப்பூர் போய் ஒரு வாரம் பேக்கரி பேக்கரியாக ஏறி இறங்கிவிட்டு வந்தார். கிடைக்கவில்லை.

போன வாரம் பெயிண்டரைக் கூப்பிட்டு கேட் தூணில் உங்கள் பெயரை எழுதச் சொன்னேன். கீழே விழுப்புரம் முகவரி, மகளின் போன் நம்பர், 'அம்மா இந்த முகவரியில் இருக்கிறார்' என்று ஒரு வரி. தெருவில் போகிறவர்கள் நின்று படிக்கிறார்கள். என் கணவருக்கு இது பிடிக்கவில்லை. "நீயே வாசல்ல போர்டு வெச்சு வாரிச கூப்பிடறியா? நாளைக்கு வக்கீலோட வந்து நிப்பான், பாரு" என்கிறார்.

வக்கீலோடு வந்தாலும் பரவாயில்லை சார், வரட்டும்.