ஆறு நாரையும் ஒரே நாரை

புதுவாயல்
18.3.2007

அன்புள்ள அண்ணனுக்கு,

கர்த்தர் கிருபையில் நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். பூனாவில் நீயும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும் என்று அம்மா இரண்டு வேளையும் முட்டி போட்டு ஜெபிக்கிறாள், முட்டி வலியோடுதான். தைலம் தேய்த்ததில் இப்போது பரவாயில்லை. மாதா மாதம் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன், கடைசியில் அம்மா கையெழுத்துப் போடுவாள். இந்த மாதம் அம்மா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, நீயே எழுது என்று பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டாள். போனில் என்றால் நீ பேசுவாய், நான் ம் ம் என்பேன், நீ வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். எனக்கு உன்மேல் கோபம். நாலு நாளில் ஆறிப்போகிற கோபம் இல்லை.

பிப்ரவரியில் சஹாபுதீன் பாய் ஸ்டுடியோவுக்கு என் பெயர் போட்டு ஒரு கொரியர் அனுப்பினாய். பிரித்தால் ஒரு சி.டி. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது ஆபீஸ் கேமராவில் நீ எடுத்த படங்கள். பழவேற்காட்டு நாரைகள் கொஞ்சம், நம் ஏரி கொஞ்சம். போனில் என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "எங்க கம்பெனி காலண்டருக்கு ஹெலன். பழவேற்காட்டு நாரைய நம்ம ஏரில எறக்கி உடு. அந்த நுரை, அந்தப் பைப்பு எல்லாத்தையும் தூக்கிடு. பாத்தா ஜோரா இருக்கணும்" என்றாய். உங்கள் கம்பெனிக் கழிவுப் பைப்பை எடுக்கச் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் ஒன்பதாவதோடு நின்றவள். அப்பா இறந்த வருஷத்திலிருந்து அந்த ஸ்டுடியோவில் உட்கார்ந்து பாஸ்போர்ட் போட்டோவில் பரு எடுக்கிறேன், கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளைக்குப் பின்னால் தெரிகிற குப்பைத் தொட்டியை எடுத்துவிட்டுப் பூங்கா வைக்கிறேன். என்னிடம் யாரும் காலண்டருக்குப் படம் கேட்டதில்லை. அண்ணன் என்னை நம்பிக் கேட்கிறான் என்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

மூன்று நாள் அதே வேலையாக இருந்தேன். நீ எடுத்த நாரைகளில் பாதி ஆடிப்போயிருந்தன, பாதிக்குத் தலை இல்லை. மஞ்சள் மூக்கும் ரோஜா நிற வாலுமாகத் தண்ணீரில் நடக்கிற ஒன்றுதான் தெளிவு. அதைப் பெரிதாக்கி, பிசிறு தெரியாமல் ஒவ்வொரு இறகாக ஓரம் வெட்டி எடுத்தேன். பிறகு அதையே ஆறு தடவை நம் ஏரியில் வைத்தேன். இரண்டை வலமிருந்து இடமாகத் திருப்பினேன், ஒன்றைச் சிறிதாக்கித் தூரத்தில் நிறுத்தினேன், ஒவ்வொன்றுக்கும் தண்ணீரில் நிழல் போட்டேன். பக்கத்துத் தண்ணீரை எடுத்து நுரைமேல் ஒத்தி ஒத்தி மறைத்தேன். பைப்பு இருந்த இடத்தில் கோரை முளைக்க வைத்தேன். பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, நம்ம ஏரியா இது? சுவிட்சர்லாந்து மாதிரி கீது" என்று சிரித்தார். நீ போன் போட்டு "கலக்கிட்ட" என்றாய். அந்த ஒரு வார்த்தையை ஒரு மாதம் நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை கல்யாண மண்டபத்தில் கூட்டம். உன் கம்பெனி இங்கே இரண்டாவது யூனிட் கட்டுவதற்கு ஊர் ஜனங்களிடம் கருத்துக் கேட்கிற கூட்டம், உனக்குத் தெரியாமல் இருக்காது. அம்மாவோடு போய்ப் பின்னால் தூண் ஓரமாக நின்றேன். நம் எதிர்வீட்டு கங்கம்மா அக்கா மைக்கைப் பிடித்து, எருமை கழுவ ஏரியில் இறங்கி இறங்கித் தன் காலெல்லாம் வெந்துபோனதையும் கன்றுக்குட்டி செத்ததையும் சொன்னாள். உடனே டை கட்டிய உங்கள் ஆள் ஒருவர் திரையில் படம் போட்டார். என் படம். போன டிசம்பரில் எடுத்தது, தண்ணீர் கெட்டிருந்தால் பறவை வருமா என்று கேட்டார். கங்கம்மா அக்கா விடவில்லை. "இத்தினி நாரை வந்து குந்திச்சுன்னா எனக்குத் தெரியாதா சார்? டெய்லி எருமை ஓட்டிக்கினு போறவ நானு. என் எருமை முதுவுல குந்த ஒரு காக்கா கூட வர்ல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்த ஆள் சிரித்துக்கொண்டே, "எருமையையே பாத்துக்கிட்டிருந்தா நாரை எப்படிம்மா தெரியும்?" என்றார். சிரிப்பு அப்படியே அவள் பக்கம் திரும்பிவிட்டது. மேடையில் இருந்த அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டார். அவள் வந்து உட்கார்ந்து புடவையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு, "என் கண்ணுதான் பூட்ச்சா ஞானம்மா?" என்று அம்மாவைக் கேட்டாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவ்வளவு பெரிய திரையில்தான் நான் பார்த்தேன், அந்த நாரையின் காலில் வலையிலிருந்து அறுந்த நீல நைலான் நூல் சுற்றியிருக்கிறது. ஆறு நாரைக்கும் அதே நூல், அதே முடிச்சு. நுரையைத் துடைத்த எனக்கு நூல் கண்ணில் படவில்லை. மண்டபத்தில் அத்தனை பேர் இருந்தும் ஒருவருக்கும் படவில்லை.

அன்று சாயங்காலம் பாய் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். "அது இன்னா கொலக் குத்தமா? செத்துப்போன அப்பாவ என் கல்யாண போட்டோவுல ஒட்ட வச்சவதான நீ? வாய மூடிக்கினு இரு, என் வேல பூடும்" என்றாய். அதற்கும் ம் என்றுதான் சொன்னேன். இப்போது பதில் சொல்கிறேன், கேள். அப்பாவுக்குக் கோட்டுப் போட்டு உன் பக்கத்தில் நிறுத்தினேன். அப்பா கோட்டுப் போட்டதே கிடையாது. அந்தப் படத்தைப் பார்க்கிற எல்லாருக்கும் அப்பா இல்லை என்று தெரியும். அம்மாவும் தெரிந்துதான் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். அந்தப் படத்தால் யாரும் பொய்க்காரி ஆகவில்லை. நாரைப் படத்தால் கங்கம்மா அக்கா ஊர் நடுவில் பொய்க்காரி ஆனாள். அதை அவள் தலையில் வைத்தது நீ, வைக்க என் கையை வாங்கிக்கொண்டாய், என்னவென்றுகூடச் சொல்லாமல். உனக்கு வேலை போய்விடும் என்கிறாய். இங்கே இன்னொரு பைப்பு வரப்போகிறதே அண்ணா, அந்தத் தண்ணீரில்தான் அம்மா துணி துவைக்கிறாள்.

மறுநாள் கங்கம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று நின்று, அவளே வெளியே வந்து என்னடி என்று கேட்டபிறகு சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். "அப்ப என் கண்ணு நல்லாத்தான் கீதா?" என்று மட்டும் கேட்டாள். அதைவிட அடித்திருக்கலாம்.

உனக்கு நான் அனுப்பியது ஒரே படமாகச் சேர்த்தது. ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் அது அடுக்கு அடுக்காகத்தான் இருக்கிறது, ஒவ்வொரு நாரையும் ஒரு தனி அடுக்கு. யார் கேட்டாலும் அதை அழிக்கமாட்டேன் என்று பாய் சொல்லிவிட்டார். ஒவ்வொரு அடுக்காக மறைத்துப் பிரிண்ட் போட்டுக் கல்யாண ஆல்பத்தில் ஒட்டியிருக்கிறேன். முதல் பக்கத்தில் ஆறு நாரை, அடுத்த பக்கத்தில் ஐந்து, அப்புறம் நான்கு. ஏழாவது பக்கத்தில் வெறும் ஏரி. எட்டாவது பக்கத்தில் நீ எடுத்தது எடுத்தபடி, நுரையும் பைப்பும். ஆட்சேபணையை முப்பதாம் தேதி வரைக்கும் எழுதித் தரலாம் என்று அன்று அறிவித்தார்கள். அம்மாவும் கங்கம்மா அக்காவும் நானும் திருவள்ளூரில் அந்த அதிகாரியின் ஆபீஸுக்குப் போகிறோம். அதிகாரி முன்னால் எனக்குப் பேச்சு வராது, அது எனக்கே தெரியும். பேச வேண்டாம். அவர் பக்கத்தைத் திருப்பினால் போதும்.

உன் முதுகுக்குப் பின்னால் செய்ய எனக்கு இஷ்டமில்லை, அம்மாவும் அதையேதான் சொன்னாள். அந்தப் படம் பொய் என்று இருபத்தெட்டாம் தேதிக்குள் நீயே அந்த ஆபீஸுக்கு எழுதிவிட்டால் ஆல்பம் பீரோவிலேயே இருக்கும். எழுதாவிட்டால் இருபத்தொன்பதாம் தேதி முதல் பஸ்.

இதுவரைக்கும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வரியையும் எடுக்கச் சொல்லவில்லை. வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு, அண்ணிக்கு மாசமாக இருக்கிற நேரத்தில் வீட்டில் சத்தம் போடாதே என்று எழுதச் சொன்னாள். வேலை போனால் போகட்டும், ஊட்டுக்கு வா, கஞ்சி ஊத்த எனக்குத் தெம்பு கீது என்று சொல்லச் சொன்னாள். கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் காப்பாராக. தேதியை மறக்காதே.

இப்படிக்கு உன் அம்மா,
ஞானம்மா

கடிதம் எழுதியதும் நாரை வைத்ததும்,
ஹெலன்