குவளை நங்கைக்கு வழி விடுக

குன்றுகள் நிலைக்க, ஆறுகள் வற்றாதிருக்க, முல்லையாற்று நாட்டை ஒரு குடைக்கீழ் வைத்துக் காக்கும் வேழப்படை வேந்தர், என் தமையனார் கொற்றவேள் மகாராசர் திருமுன்புக்கு, மகன் சிறுவனாதலால் அவன் பொருட்டு வெண்கோட்டு நாட்டை ஆளும் தங்கை வெண்ணிமாதேவி வணங்கி விடுக்கும் ஓலை. அங்கே அண்ணியாரும் மக்களும் குடிபடைகளும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இங்கே மழை பெய்தது. ஏரிகள் நிறைந்தன. நாடு நலம்.

தாங்கள் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. எங்களிடம் பிணையாக இருக்கும் மணற்காட்டுச் சேனைத் தலைவன் மகள் குவளையைத் தங்கள் காவலரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும், என் கணவர் மலையங்கோ மன்னரை வேலெறிந்து கொன்றவன் அவள் தந்தையே ஆதலால் அவன் மகள் உயிரால் அப்பழி தீரவேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். அவள் என் மகன் மருதங்கோவுக்குக் கதை சொல்வதாகக் கேள்வியுற்றதாகவும், கதை என்பது பொய், அரசன் மகன் நான்கு வயதிலேயே பொய்க்குப் பழகலாகாது என்றும் எழுதியிருந்தீர்கள். அதை அவையில் படிக்கச் செய்தேன். அமைச்சர்கள் தலையசைத்தனர். எனக்குச் சினமோ வருத்தமோ தோன்றவில்லை. மன்னர் மறைந்த பின் எனக்கு எதுவும் தோன்றுவதில்லை. கை தன் வேலையைச் செய்கிறது, வாய் தன் வேலையைச் செய்கிறது. ஆயினும் கண் பார்த்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

மன்னர் கருவன்துறைப் போரில் வீழ்ந்ததை மருதங்கோவுக்கு நானே சொன்னேன். தந்தை இறந்தார், இனி வரமாட்டார் என்று, அவையோருக்குச் சொன்ன அதே சொற்களில் சொன்னேன். கேட்டுக்கொண்டான். அதன்பின் பேச்சை விட்டான். சோற்றை வாயில் வைத்தால் விழுங்குவான், வைக்காவிட்டால் கேட்கமாட்டான். படுக்கையை நனைத்தான். மரக்குதிரையைத் தந்தால் கையில் பிடித்தபடியே நிற்பான். மருத்துவர் நாவில் வசம்பு தடவினார். ஆசான் எழுத்தோலையை விரித்தார். பயனில்லை. நானும் அவனும் ஒரே கூடத்தில் இருந்தோம்; இருவருக்கும் சொல்ல ஒன்றுமில்லை.

குவளைக்கு இருபது வயதிருக்கும். அரண்மனைச் சோற்றை மறுத்து, தன் கஞ்சியைத் தானே காய்ச்சிக் குடிப்பவள். ஒரு பிற்பகலில் மருதங்கோ அவள் அடுப்பருகே போய் நின்றிருக்கிறான். அவள் அவனைப் பேசு என்று சொல்லவில்லை. கையிலிருந்த அகப்பையை நிமிர்த்தி, இவர் ஒரு ராசா, ஆற்றைக் கடக்க வந்தார், வழி தெரியவில்லை, என்ன செய்வாரோ என்று கவலைப்பட்டுவிட்டு மீண்டும் கஞ்சியைக் கிளறினாளாம். காவற்பெண்டு செம்மி சொல்லித்தான் இதை அறிந்தேன். மறுநாளும் அவன் போனான். ராசா கரையிலேயே நின்றார். அடுத்த நாளும் நின்றார். அப்போது என் மகன், படகு, என்றான்.

பிறகு நானும் போய்த் தூண்மறைவில் நிற்கலானேன். படகு யாருடையது என்று குவளை கேட்டாள். ஒரு தவளையுடையது என்றான். தவளை ராசாவை ஏற்றிக்கொள்ளுமா என்றாள். ஏற்றிக்கொள்ளும், அதற்குத் தனியாகப் போகப் பயம் என்றான். தவளைக்கு ஏது படகு என்று தாங்கள் கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் தனக்குப் பயமாயிருக்கிறது என்று சொல்ல என் மகனுக்கு வேறு வாய் கிடைக்கவில்லை. தவளையின் வாய்தான் கிடைத்தது. ராசாவுக்குப் பசிக்கும் என்று சொன்னவன், சில நாளில் தனக்கும் பசிக்கிறது என்றான். குவளை கதையைத் தவறாகத் திருப்பினால், முடிக்கும்வரை பொறுத்திருந்து பின்பு திருத்தினான். பொறுத்திருக்க அவனுக்கு யாரும் கற்பித்ததில்லை. செம்மியின் கால் வீங்கியிருப்பதைக் கண்டு, உனக்கு நடந்தால் வலிக்குமா என்று கேட்டான். நாள்தோறும் அவளைப் பார்க்கும் நான் அதுவரை அந்தக் காலைப் பார்த்ததில்லை.

சென்ற திங்களில் ஒரு நாள் கதையை நிறுத்தி, ராசாவை வேலால் குத்தியது யார் என்று கேட்டான். அதுவரை கதையில் வேல் வரவில்லை. குவளை கிளறுவதை நிறுத்தினாள். தன் தந்தை செய்ததை அவள் அறிவாள்; நான் பின்னால் நிற்பதையும் அறிவாள். பிறகு மற்றோர் அகப்பையை எடுத்து அவன் முன் வைத்து, இவர், என்றாள். அவன் அதைத் தரையில் அடித்தான். கொட்டாங்கச்சி உடையும்வரை அடித்தான். உடைந்தபின் அழுதான். தந்தைக்காக அவன் அழுதது அன்றுதான். அவள் அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அழுது ஓய்ந்தபின், உடைந்த அகப்பையைக் காட்டி, இவர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். ஒரு மகள், என்றாள். அவள் அப்பாவைத் தேடுவாளா என்றான். தேடுவாள் என்றாள். அவன் அந்த மடியிலேயே உறங்கிப்போனான்.

ஆகவே குவளையைத் தங்களிடம் அனுப்பேன். இங்கும் வைத்திரேன். அவள் தந்தையிடமே அனுப்புகிறேன். அவள் போனால் இளவரசர் மறுபடியும் வாய் மூடிவிடக்கூடும் என்று அமைச்சர் தடுத்தார். கூடும். ஆனால் என் மகனைத் தேற்றினாள் என்பதற்காக ஒருத்தியைப் பூட்டி வைப்பது முறையன்று. கதையை எப்படிச் செய்கிறாய் என்று மட்டும் அவளைக் கேட்டேன். நான் செய்வதில்லை தேவி, பாதியில் விட்டுவிட்டுக் காத்திருப்பேன், அவரே செய்துகொள்வார் என்றாள்.

நேற்று நானே மருதங்கோவை அருகில் இருத்தி, ஓர் ஊரில் ஓர் அரசி இருந்தாள் என்று தொடங்கினேன். அதற்குமேல் வரவில்லை. காத்திருக்கவேண்டும் என்று எண்ணி நான் நிறுத்தவில்லை. உள்ளே ஒன்றும் இல்லாததால் நின்றது. அவன் என் முகத்தைப் பார்த்தான். அந்த அரசிக்கு அழத் தெரியாதா அம்மா என்று கேட்டான். தெரியாது என்றேன். பரவாயில்லை, கதை முடிவதற்குள் தெரிந்துவிடும், நீ மேலே சொல், என்றான். சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மணற்காட்டுக்குச் செல்லும் வழி தங்கள் கணவாயினூடே போகிறது. வளர்பிறை ஏழாம் நாள் குவளையின் பல்லக்கு அங்கே வரும். கணவாய்க் காவலர் திரையை விலக்காமல், பெயர் கேளாமல், நீரும் நிழலும் தந்து வழி விடுக. தமையனாரிடம் தங்கையாகக் கேட்கிறேன். அவள் மேல் ஒரு கை விழுமாயின், அது மருதங்கோ மேல் விழுந்ததாகக் கொண்டு வெண்கோட்டு அரசியாக விடை தருவேன்.

இஃது என் சொல். அவையோர் அறிய, இரட்டைக் கயல் முத்திரை இட்டேன். தங்கள் குடை நிழல் நீள்க.