ஊருணிப் படியில் செருப்புத் தடம்

அண்ணாச்சி,

நான் சங்கரலிங்கம் எழுதுகிறேன். நம் ஊர் அம்மன் கோயில் கமிட்டியின் செயலாளர். பள்ளியில் உங்கள் அறிவியல் வகுப்புக்கு அடுத்த அறையில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். நீங்கள் போன பிறகு நம் ஊருணிக்கு நேர்ந்ததை உங்களுக்கு முறையாகத் தெரிவிப்பதே இம்மடலின் நோக்கம். இறந்தவருக்கு எழுதுவது போய்ச் சேரும் என்று நீங்கள் நம்பமாட்டீர்கள். நான் நம்புகிறேன். ஆகவே எழுதுவது என் கடமை. படிக்காமலிருப்பது உங்கள் கொள்கை.

இன்று காலை ஊருணிக்குப் போனேன். நேற்றைய தூறலில் கரையின் கரிசல் இளகிக் கிடந்தது. படியோரம் முழுக்கச் செருப்புத் தடங்கள். அச்சுக் குத்தியது போல வரிவரியாகக் கடைசிப் படி வரை இறங்கியிருந்தன. வேப்பமரத்தடியில் செருப்பை விட்டுவிட்டு இறங்குவது நாம் பிறப்பதற்கு முன்பே ஊரில் இருந்த வழக்கம். குழாய்த் தண்ணீர் உவர்ப்பு, பருப்பு வேகாது. இன்றும் ஊர் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான். வெகுநேரம் அந்தத் தடங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவற்றைப் பதித்தவர்கள் இரண்டு கூட்டத்தார். ஒன்று என் கூட்டம், மற்றது உங்களுடையது.

ஊருணி வறண்டுபோன அந்தக் கோடையில் நாம் இருவரும் சேர்ந்து தூர்வாரியது நினைவுக்கு வந்தது. கமிட்டியார் பூசை போட்டுத்தான் மண்வெட்டியைத் தொடுவோம் என்றார்கள். கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த உங்கள் பகுத்தறிவு மன்றத்துப் பையன்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நீங்களோ வேப்பமரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகட்டி நின்றபடி, "வே செயலாளரே, உம்ம அம்மனைக் கொஞ்சம் சீக்கிரம் எழுப்பும். வெயில் ஏறுது" என்றீர்கள். பையன்களில் ஒருவன் சிரித்தான்: "என்ன அண்ணாச்சி, செருப்பக் கழத்திட்டீங்க? அம்மனுக்குப் பயந்துட்டீங்களோ?"

"ஏலே, அம்மனுக்கு இல்லலே, குடிக்கிற தண்ணிக்கு. நீ வார வழியில எதை மிதிச்சிட்டு வந்தேன்னு குனிஞ்சு பாரு."

அவன் குனிந்து பார்த்தான். பிறகு எல்லோருமே கழற்றினார்கள்.

நான் கழற்றியது அம்மனுக்கு. நீங்கள் கழற்றியது தண்ணீருக்கு. அதைப் பற்றி நாம் எத்தனையோ மாலைகள் சண்டை போட்டிருக்கிறோம், ஒருவரும் மாறவில்லை. ஆனால் படியில் கால் வைக்கும்போது நம் இருவர் பாதமும் வெறும் பாதம்.

அந்த ஆண்டு மழை பெய்து ஊருணி நிறைந்தபோது கீழத்தெருப் பெண்கள் கிழக்குப் படியில் குடத்துடன் இறங்கினார்கள். கமிட்டித் தலைவர் தடுத்தார். "வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா. அம்மன் காரியம். இதயெல்லாம் யாரு கேக்கப்போறா?" என்றார். நீங்கள் முன்னே வந்து, "நான் கேக்கேன். எந்தச் சாமி எவுககிட்டச் சொல்லிச்சு?" என்றீர்கள். உங்கள் கேள்வியைத் தலைவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை, சாமி இல்லாதவன் கேள்வி என்று. அப்படியொரு தடை கமிட்டி விதியிலும் இல்லை, கோயில் முறையிலும் இல்லை என்று நான் எடுத்துச் சொன்ன பிறகே விலகி நின்றார். அதே சமயம், நீங்கள் கேட்டிராவிட்டால் விதியைத் தேடிப் பார்க்க எனக்குத் தோன்றியிருக்காது. அன்று முதல் படி எல்லோருக்கும் பொது.

அதற்காக என் கூட்டத்தை நான் முழுவதும் விட்டுக்கொடுக்க முடியாது. மழைநீரைக் காட்டிலிருந்து ஊருணிக்குக் கொண்டுவரும் வரத்துக்காலில் இத்தனை தலைமுறையாக ஒருவன் ஒரு சாண் வேலி போட்டதில்லை. சட்டத்துக்குப் பயந்து அல்ல. அம்மன் நடந்துவரும் பாதை என்று பயந்து. இதை நீங்களும் ஒருநாள் ஒப்புக்கொண்டீர்கள், முணுமுணுப்பாக: "உம்ம ஆளுக பயம் ஒரு வேலியைத் தடுத்திருக்கு வே. வாஸ்தவந்தான்."

இப்போது கேளுங்கள். நீங்கள் போன பிறகு கமிட்டி ஒரு மண்டபம் கட்டத் தொடங்கியிருக்கிறது. இடம்: வரத்துக்காலின் மேலேயே. கூட்டத்தில் எழுந்து நான் ஆட்சேபித்தேன். தலைவர் சிரித்தார். "சாமிக்குத்தானே சார் கட்டுதோம், யாரு கேக்கப்போறா?" என்றார். எல்லோரும் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்ததை நான் கவனித்தேன். நீங்கள் வழக்கமாக வந்து நிற்கும் வாசல். அது காலியாக இருந்தது. தீர்மானம் நிறைவேறியது. ஊருணித் தண்ணீரை எடுத்தே சிமெண்ட் குழைக்கிறார்கள். கொத்தனார்கள் செருப்புக் காலோடு இறங்குகிறார்கள். "சாமி வேலதானே, தோஷமில்ல" என்கிறார் தலைவர்.

சரி, உங்கள் மன்றத்தாராவது வருவார்கள் என்று காத்திருந்தேன். வந்தார்கள், நேற்று, தூறல் விட்டதும், வேனில். வரத்துக்கால் அடைபட்டதை அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செருப்பணிந்து படியிறங்கும் போராட்டமாம்.

"தம்பி, கழத்திட்டு இறங்குங்க" என்றேன்.

"இல்லன்னா அம்மன் கண்ணக் குத்திருமா சார்?"

"அம்மன் குத்த மாட்டா. வாந்திபேதி குத்தும்."

"பாருங்கலே, திருநீறு பூசிக்கிட்டு அறிவியல் பேசுதாரு!" என்று ஒருவன் கைதட்டினான். இன்னொருவன் படமெடுத்தான். குனிந்து பார்க்க வைத்தீர்களே, அதே பையன்தான், இப்போது அவனுக்கும் மீசை நரைக்கிறது, என் தோளில் தட்டிச் சொன்னான்: "அண்ணாச்சி நெனவாத்தான் சார் இதச் செய்யுதோம்."

உங்கள் நினைவாக, அண்ணாச்சி.

ஒரு கூட்டம் சாமி இருக்கிறது என்பதற்காகச் செருப்போடு இறங்கியது. மறு கூட்டம் சாமி இல்லை என்பதற்காக. கரிசலில் விழுந்த தடத்தில் யாதொரு வேறுபாடும் இல்லை.

நம்புகிறவர், நம்பாதவர் இருவரும் சேர்ந்ததே உலகம், இருவராலும் மனிதகுலத்துக்கு நன்மை என்று நல்லிணக்க மேடைகளில் பேசுகிறார்கள். என்னையும் பேச அழைத்திருக்கிறார்கள். இனிப் பேசமாட்டேன். இரு தரப்பும் இருந்துவிட்டால் மட்டும் ஒரு நன்மையும் விளைவதில்லை. இதோ, இரு தரப்பும் இருக்கின்றன, ஊருணி சாகிறது. ஒருவர் கேட்பதை மற்றவர் நின்று காதுகொடுத்துக் கேட்ட வரைக்கும்தான் இந்த ஊரில் நன்மை இருந்தது. அது நாம் இரண்டு பேர் அளவுக்குத்தான் இருந்தது என்பது எனக்கு இப்போது தெரிகிறது. நீங்கள் போனதில் எனக்குள்ள கசப்பு இதுவே: என் நம்பிக்கையை எதிர்க்க யோக்கியமான ஓர் ஆளில்லாமல் விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். எதிர்ப்பில்லாத என் பக்தியைக் கண்டு எனக்கே பயமாக இருக்கிறது.

புரட்டாசி முடியப்போகிறது. ஐப்பசி மழை வரும்போது வரத்துக்கால் அடைபட்டிருந்தால் தண்ணீர் காட்டோடு போய்விடும்; கோடையில் இந்த ஊர் குடிநீருக்கு லாரியை எதிர்பார்த்து நிற்கும்.

ஆகவே நான் செய்யப்போவதைச் சொல்லிவிடுகிறேன். நாளைக் காலை கமிட்டிக் கூட்டம். மண்டபத்தின் அடுத்த கட்ட வேலைக்கு என் கையெழுத்து வேண்டும், போடமாட்டேன். தலைவர் வழக்கம்போல் யார் கேட்கப்போகிறார்கள் என்பார். நான் செயலாளர் நாற்காலியை விட்டு எழுந்து, நீங்கள் நிற்கும் அந்த வாசலில் போய் நின்று, "நான் கேக்கேன்" என்பேன். அங்கிருந்து நேராக வட்டாட்சியர் அலுவலகம். வரத்துக்காலைத் திறக்கக் கோரி மனு. அடுத்து, செருப்பையும் வரத்துக்காலையும் பற்றிக் கேட்க உங்கள் மன்றம். துரோகி என்று கமிட்டியில் சொல்வார்கள், பழமைவாதி என்று மன்றத்தில் சொல்வார்கள். சொல்லட்டும். இரண்டு இடத்துக்கும் நெற்றி நிறையத் திருநீற்றோடுதான் போவேன்.

அதற்கு முன், விடிந்ததும் ஊருணிக்குப் போய், வேப்பமரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, அந்தத் தடங்களைக் கையால் அழிப்பேன். பாதி அம்மனுக்காக. பாதி தண்ணீருக்காக.