செஷின் பாலத்தில் அதிகாரி இல்லை

என் தங்க அப்பா,

உட்கார்ந்திருந்தால் எழும்புங்கள், எழும்பியிருந்தால் துள்ளுங்கள்: நாங்கள் செஷினுக்குப் போய்வந்துவிட்டோம்! ஓம், போலந்தின் ஓரத்தில், ஓல்சா ஆற்றங்கரையில் இருக்கிற உங்கள் செஷினுக்கேதான்!

சுவிஸில், ஓல்டன் கிடங்கில் உங்களோடு வேலை செய்த போலந்துக்காரர் சொன்ன கதையைச் சாப்பாட்டு மேசையில் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்? முதலாம் உலகப் போருக்குப் பிறகு ஊரை ஆற்றோடு இரண்டாகப் பிரித்தார்கள். கோட்டையும் சந்தைச் சதுக்கமும் போலந்துக்கு. ரயில் நிலையம் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு. பாலத்தில் ஓடிய டிராமும் நின்றுபோனது. "ரெயில் பிடிக்க வெளிநாடு போகவேணும், பாத்தியே!" என்று சிரித்தே உங்களுக்குப் புரையேறும். நாட்டைவிட்டு வெளியே போக விடாத அகதிப் பெர்மிட்டோடு வருடக்கணக்காய் இருந்த உங்களுக்கு அந்தக் கதை ஏன் அவ்வளவு பிடித்தது?

செக் பக்கத்தில் ரயிலால் இறங்கிப் பாலத்தடிக்கு நடந்தோம். அங்கேதான் சிக்கல். அம்மா பைலை வெளியே எடுத்தார். பாஸ்போர்ட், பெர்மிட், பிறப்புச் சான்றிதழ், எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள். காட்டுவதற்கு ஆளைத் தேடினார். காவலரும் இல்லை, கதவும் இல்லை; இப்போது அந்த எல்லையில் சோதனையே கிடையாதாம். ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டே ஒரு பெண் எங்களைக் கடந்து போலந்துக்குள் போனாள்.

"நடவுங்கோ அம்மா, ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

"கேக்காமல் எப்பிடியடி போறது? பிறகு பிடிச்சால்? நீ போய்ப் பாத்திட்டு வா, நான் இதில நிக்கிறன்."

நீங்கள் எங்களை விட்டுப் போனபிறகு நாங்கள் போன முதல் பயணம். இவ்வளவு தூரம் வந்தும் நீங்கள் பார்க்க ஆசைப்பட்ட ஊரைப் பார்க்காமலே திரும்பிவிடுவாரோ?

நான் ஓடினேன். மறுகரையில் தொப்பியை இழுத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக் கத்தினேன்: "ஹால்ட்! அடுத்த ஆள் வரலாம்! பத்திரம் எங்கை?"

அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு, நம்புங்கள் அப்பா, வரிசையில் வருவதுபோல மெதுவாக நடந்துவந்து பைலை நீட்டினார்.

"வந்த நோக்கம்?"

"இந்தக் குரங்குக்கு ரெண்டு போட."

"எவ்வளவு நாள் தங்குவியள்?"

"என்ர மனுசன் பாக்க நினைச்சதெல்லாம் பாத்து முடியுமட்டும்."

அதிகாரி தொப்பியைக் கண்ணை மறைக்க இன்னும் கீழே இழுத்துவிட்டார். ஆனாலும் கடமை கடமைதானே? முத்திரைக்குப் பதிலாக நெற்றியில் ஒரு முத்தம் குத்தி உள்ளே விட்டேன்.

கோட்டை பார்த்தோம், சதுக்கத்தில் கேக் சாப்பிட்டோம். பின்னேரம் ரயிலுக்குத் திரும்பும்போது அம்மா பாலத்தைப் பேசிக்கொண்டே கடந்தார். பைல் பைக்குள்ளேயே கிடந்தது.

இனி எந்த எல்லையிலும் அம்மாவைத் தனியாக நிற்க விடமாட்டேன். இது மட்டும் பகிடி இல்லை, சத்தியம்.

உங்கள் எல்லை மீறிய மகள்,
துளசி