அக்காவின் வலது கண்

மே 6
காலையிலேயே அனல். ஆண்டிமடத்திலிருந்து பஸ். அக்காவும் நானும். பெரம்பலூர் கண் டாக்டரிடம் சதைத் துணுக்கின் ரிசல்ட். மெலனோமா. கண்ணின் வெள்ளைத் தோலில் வரும் புற்றுநோய். அபூர்வமாம்.

அக்கா ஷெட்டில் முந்திரி உடைக்கிறவள். கண்ணில் கரும்புள்ளி வந்தபோது, முந்திரி ஓட்டு எண்ணெய் தெறித்த கறை என்றார் ஷெட்காரர். நாங்களும் நம்பினோம். கையெல்லாம் அந்தக் கறைதானே. கண் முகாமில் புரை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். புரையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது போல.

ஆரம்பத்திலேயே வந்திருந்தால் புள்ளியை மட்டும் வெட்டி, சொட்டு மருந்து விட்டிருக்கலாம். இப்போது இமைக்குள் இறங்கிவிட்டது. இமையோடு கண்ணையே எடுக்க வேண்டும். சீக்கிரம்.

நான்: "எடுத்துட்டா போயிடுமா சார்?"

டாக்டர் காப்பீட்டுக்குச் சீட்டு எழுதினார்.

மே 9
ஆபரேஷன் செலவுக்குக் காப்பீட்டு கவுன்டர். அக்காவின் விரல் மெஷினில் விழவில்லை. பத்து விரலும். முந்திரி எண்ணெய் ரேகையைத் தின்றுவிட்டது. துடைத்து, அழுத்தி, மறுபடி. ஆதாரைப் புதுப்பித்து வரச் சொன்னார்கள்.

மே 12
அரியலூர் ஆதார் மையம். சர்வர் இல்லை. நாளை வா.
வாங்க வேண்டியது: சோப்பு, வலி மாத்திரை, கறுப்புக் கண்ணாடி (வேண்டாம் என்கிறாள்).

மே 21
நான்காவது முறை அரியலூர். ரேகை இல்லாதவர்களுக்குக் கண்ணை வைத்துப் பதியலாமாம். முதல் நாளே சொல்ல ஒருத்தருக்கும் வாய் இல்லை.

மெஷின்காரர்: "நல்லா முழிங்கம்மா. வலது கண்ணு எடுக்க மாட்டேங்குது."

அக்கா: "அதை எடுக்கத்தாங்க இவ்ளோ அலையுறோம்."

வரிசையில் சிரிப்பு. அக்காவும் சிரித்தாள். நான் வெளியே போய் அழுதேன். இடது கண்ணில் பதிந்துவிட்டது.

மே 28
ஆபரேஷன் முடிந்தது. அக்கா கண் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஷெட்காரர் ஆப்பிள் கொடுத்தனுப்பியிருந்தார். எண்ணெயால் இந்த நோய் வராது என்கிறார் டாக்டர். சரி. ரேகையைத் தின்றது யார்? இந்த இரண்டு வாரத்தைத் தின்றது யார்?

ஜூன் 19
தூறல். ரேஷனுக்குப் போகவில்லை. அக்காவுக்குத் தலை வாரிவிட்டேன். வலது காதுக்கு முன்னால் பட்டாணி அளவில் கட்டி. பரவினால் முதலில் அங்கேதான் தெரியும், தடவிப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் சொன்ன இடம். போன வாரம் கைக்குத் தட்டுப்படவில்லை.

"கொசு கடிச்சிருக்கும்டி. பின்னிவிடு."

முடியை மூன்று காலாகப் பிரித்தேன். பின்னினேன்.