முன்கூட்டியே போட்ட மொட்டை

விராலிமலை
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுவது

அன்பு மகள் பிளெஸ்ஸிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா செல்வராணி, முட்டையிடாத நாலு கோழிகள் எல்லாரும் மாதா புண்ணியத்தில் சௌக்கியம். பாட்டியாலா கேம்ப்பில், அந்தக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். யாராவது போட்டோ அனுப்பி உனக்குத் தெரிவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அப்பா மொட்டை. தலை இப்போது உரித்த பனங்காய் மாதிரி இருக்கிறது, சைக்கிள் கண்ணாடியில் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

நடந்தது இதுதான். போட்டியன்று நானும் திருப்பதியும் அவன் பஞ்சர் கடையில் உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். நீ நீளம் தாண்டுதலில் மெடல் வாங்கினால் மொட்டை போடுகிறேன் என்று மாதாவிடம் சொல்லி வைத்திருந்தேன். பதினோரு மணிக்குத் திரையில் ஒரு பட்டியல் வந்தது, முதல் பெயர் உன் பெயர். திருப்பதி, "மாப்ள, நம்ம புள்ளதாண்டா ஃபர்ஸ்ட்டு!" என்று குதித்ததில் தண்ணீர்ச் சட்டியே கவிழ்ந்தது. அது யாருக்கு அடுத்து யார் குதிக்க வேண்டும் என்கிற பட்டியல் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. விளையாட்டில் என் ஞானம் உனக்குத் தெரியாததா, பள்ளிக்கூடத்தில் மெதுவாகப் போகிற சைக்கிள் ரேஸில்கூட முதலில் போய்ச் சேர்ந்து தோற்றவன் நான். நீ முதல் தடவை குதிப்பதற்குள் நான் சலூனில் தலையைக் கொடுத்துவிட்டேன். முடியைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக்கொண்டு நேரே மாதா கோயிலுக்குப் போனேன். பாதர் மிக்சர் என்று நினைத்துப் பிரிக்கப் போனார், கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. அங்கே நிற்கும்போதுதான் உன் மெசேஜ் வந்தது. "அப்பா, மூணும் ஃபவுல். பத்து வருசமா குதிக்கிறதத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது. இனிமே நான் யாருப்பா? சாமிகூட என்னப் பாக்கல. கேம்ப்ப விட்டுட்டு வந்துரட்டுமா, மாசக் கடைசிக்குள்ள சொல்லணும்." இவ்வளவு பெரிய கேள்விக்கு நான் "சாப்பிட்டியாம்மா" என்று மட்டும் பதில் போட்டேன். போனில் பேசினாலும் உளறுவேன், அதனால்தான் இந்தக் கடிதம். அன்றைக்கு மாதாவைப் பார்த்து, இது நியாயமா என்று கேட்டேன். பாதர், "ஜெரால்டு, அவசரப்பட்டது நீங்க. அவங்களக் கோவிச்சு என்ன பண்றது?" என்றார்.

வீட்டு வாசலில் அடுத்த வீட்டுச் சொர்ணவல்லி அக்கா என் தலையைப் பார்த்ததும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, "ஐயோ தம்பி, எப்பய்யா? ஒரு வார்த்த சொல்லலியே!" என்று ஆரம்பித்துவிட்டார்கள். பாதி அழுது முடித்த பிறகுதான் "ஆமா, போனது யாருய்யா?" என்று கேட்டார்கள். உன் அம்மா உள்ளேயிருந்து, "இவரு புத்திதான்க்கா. காலையில பதினோரு மணிக்கு" என்றாள். அப்புறம் மூன்று நாள் ஆளுக்கு ஒரு பொய் சொன்னேன். ஒருத்தரிடம் சூடு, ஒருத்தரிடம் பொடுகு, ஹெட்மாஸ்டரிடம் டாக்டர் சொன்னார் என்று. எந்தப் பொய்யை யாரிடம் சொன்னேன் என்பது மறந்துபோனதும் நாலாம் நாள் டீக்கடையில் வைத்து உண்மையைச் சொல்லிவிட்டேன், எம் மக மூணு தடவையும் கோட்ட மிதிச்சுட்டா என்று. மினிபஸ் கண்டக்டர் உடையப்பன், "என்னண்ணே, நம்ம பிளெஸ்ஸி குதிக்கிற பிள்ளையா? நான் வாலிபால்னுல்ல நெனச்சேன்!" என்றான். டீ மாஸ்டர் ஓட்டம் என்றார். ஒரு பெரியவர் நீ நர்சிங் படிப்பதாகச் சத்தியமே செய்தார். ஊரே உன் தாண்டலை டேப் வைத்து அளந்துகொண்டிருப்பதாக நீயும் நானும் பத்து வருசமாக நினைத்திருக்கிறோம். அப்புறம் உடையப்பன் சொன்னான், "போன லீவுக்கு வந்தப்ப கால்ல கட்டோட எந்திரிச்சு, கைப்பிள்ளக்காரிக்கு எடம் விட்டுச்சே, அந்தப் பிள்ளதானண்ணே? நான் சத்தம் போட்டுக்கூடப் பாத்தேன், கடைசி வரைக்கும் உக்காரல." நீ இதை எங்களிடம் சொன்னதே இல்லை. இனிமேல் நான் யார் என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியவில்லை, உடையப்பனுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்றைக்குப் பூசையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். எப்போதும் லிஸ்ட்டோடு போகிறவன், இன்று கேட்க ஒன்றும் தோன்றவில்லை. பதிலுக்குக் கொடுக்கத் தலையிலும் ஒன்றும் இல்லை. ஃபேன் காற்று நேரே மண்டையில் பட்டது. கொடுக்கல் வாங்கல் எதுவும் பேசாமல் மாதாவும் நானும் இருந்தது இதுதான் முதல் தடவை, நன்றாகத்தான் இருந்தது. நீயும் ஒரு நாள் ஒன்றும் கேட்காமல் போய் உட்கார்ந்து பார்.

கேம்ப்பை விடுவதும் விடாததும் உன் முடிவு. என் முடிக்காக இருக்காதே, ஊருக்காக வராமலும் இருக்காதே. சொல்வதற்கு முன்னால் ஒரு சாயங்காலம், கொடி காட்டவும் டேப் பிடிக்கவும் ஆள் இல்லாத நேரத்தில் போய் ஒரே ஒரு தடவை குதி. மணலைத் தட்டிக்கொண்டு எழும்போது இன்னொரு தடவை குதிக்கத் தோன்றினால் இரு. தோன்றாவிட்டால் வா, திருச்சி ஜங்ஷனுக்கு நானும் திருப்பதியும் வண்டியோடு வந்து நிற்போம். யார் என்ன சொல்வார்கள் என்று யோசிக்காதே, ஊருக்கு என் மண்டையைப் பற்றிப் பேசவே நேரம் போதவில்லை.

மாதாவும் வானத்துச் சம்மனசுகளும் உன் கூடவே இருந்து காப்பாற்றட்டும். முழங்காலுக்கு எண்ணெய் தடவ மறக்காதே. பார்சலில் முறுக்கு இருக்கிறது, ஒளித்து வைக்காமல் கேம்ப் பிள்ளைகளுக்கும் கொடு.

என்றும் உன் அப்பா,
தற்சமயம் தொப்பியோடு,
ஜெரால்டு

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது உன் அம்மா வந்து ஒன்று சொன்னாள். மெடல் வாங்கினால் ஆறு மாசம் வெளிநாட்டில் கேம்ப் என்று நீ சொன்னாயே, அன்றைக்கே அவளும் மாதாவிடம் வேண்டியிருக்கிறாள், பிள்ளை வெளிநாடு போகக் கூடாது, கிறிஸ்துமஸுக்கு இந்த நாட்டில் இருக்க வேண்டும் என்று. நேற்றே போய், கேட்டது கிடைத்ததற்கு முழங்கை உயர மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்துவிட்டாளாம்.